உப்பு ஒத்தடம்

தூங்குகிறாள், தூங்கட்டும், எத்தனை நாளாயிற்று இவள் இப்படித் தூங்கி, புருவத்துக்கு நடுவில் அந்தச் சுளிப்பு இல்லாமல், பல்லைக் கடிக்காமல், போர்வை நுனியைக் கசக்காமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி, என்று நினைத்தபடி துரைப்பழம் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் மனைவி சந்தனமாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். தூத்துக்குடி வெயிலுக்குத் தெருவே வாயடைத்துக் கிடந்தது. மகள் செல்வக்கனி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுச் சாயங்காலம்தான் வருவாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும், ஒங்கம்மா இன்னைக்கு நல்லா ஒறங்குனா, நான் ஒத்தடம் குடுத்தேன், என்று. சொல்லும்போது குரலில் பெருமை தெரியக் கூடாது. தெரிந்தால்தான் என்ன? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுசன், இவர் வெந்நீர் வைத்தால் அதுவும் அடிப்பிடிக்கும் என்று இவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த மனுசன், இருப்புச்சட்டியில் கல்லுப்பைக் கொட்டி, படபடவென்று பொரியும்வரை வறுத்து, நொச்சி இலையைக் கிள்ளிப் போட்டு, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, பிறகு அவள் முதுகில் ஒற்றி ஒற்றி எடுத்தார் என்றால் சும்மாவா? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாங்கி வாங்கிப் பழகியதுதான். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளாண்டில் வேலை முடிந்து வரும்போது தோள் இரண்டும் மரக்கட்டையாக இறுகியிருக்கும். இவள் அவரைக் குப்புறப் படுக்கப் போட்டு, செத்த அசையாமக் கெடங்க, என்னமோ சூடு போடுத மாதிரில்லா துள்ளுதிய, என்று அதட்டிக்கொண்டே இதே மூட்டையை இதே மாதிரி ஒற்றுவாள். அந்தக் கை இப்போது கட்டில் விளிம்பில் கிடக்கிறது. வளையலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. நிற்கிறதற்குச் சதை வேண்டுமே.

சொகமா இருக்கு, என்றாள் இன்றைக்கு. நேற்றும் முந்தாநாளும்கூடக் கொடுத்தார், ஆனால் இன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னாள், சொகமா இருக்கு, எடுத்துராதிய. அந்த ஒரு சொல்லுக்கு அவர் இன்னும் ஒரு மூட்டை உப்பு வறுப்பார். மூட்டையை எடுக்க மனசு வராமல் அவள் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் அப்படியே அண்டக் கொடுத்துவிட்டு, ஆறினதும் எழுந்து போய் இன்னொன்று சூடாக்கிக் கொண்டுவந்து மாற்றி வைத்தார். அவள் அதற்குள் சொக்கிப்போயிருந்தாள். மார்பில் வந்த கட்டியை அறுத்து, அத்தோடு விட்டது சனியன் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தபோது அது எலும்புக்கு இறங்கி முதுகுத்தண்டில் உட்கார்ந்துகொண்டது. மாத்திரை கொடுத்தால் விழுங்கின கையோடு வாந்தி. கடைசியில் அந்த ஸ்டிக்கர். அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் இருக்கிறது, இவர்கள் வீட்டில் ஸ்டிக்கர்தான். பொட்டு மாதிரி ஒட்டினால் தோல் வழியாகவே மருந்து உள்ளே இறங்குமாம். மூன்று நாளைக்கு ஒன்று. முதலில் நெஞ்சில் ஒட்டினார்கள். அரிக்கிறது என்று தூக்கக் கலக்கத்தில் உரித்துப் போட்டுவிட்டாள். அதனால்தான் வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் பிரிசில்லா அதை வலது தோள்பட்டைக்குக் கீழே, இவள் கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டினாள். வலியும் அங்கேதான், ஒத்தடமும் அங்கேதான். ஸ்டிக்கர் உரிந்துவிடக் கூடாதே என்று துரைப்பழம் அதன்மேல் மட்டும் மூட்டையைத் தேய்க்காமல் மெல்ல மெல்ல வைத்து வைத்து எடுத்தார். அந்த அளவுக்குக் கவனம் அவருக்கு உண்டு.

கவனம் என்றதும் பிரிசில்லா சொல்லிவிட்டுப் போனதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அவள் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், அவர் நிலைப்படியில் சாய்ந்து பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி, இது நல்ல மருந்து, பயப்படாதீங்க, ஆனா பாத்துக்கிடணும், பக்கவிளைவு சிலது வரும். வயிறு கட்டும், அதுக்கு மருந்து தந்திருக்கேன், விடாமக் குடுங்க. கட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நேற்றும் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை, வெளிக்குப் போனாளா என்று புருஷனே மனைவியிடம் தினமும் கேட்கிற காலம் வரும் என்று யார் கண்டது. ஒமட்டும். ஆமாம். அரிக்கும். ஆமாம், காதோரம், மூக்கு நுனி. சில நேரம் இல்லாததெல்லாம் கண்ணுல படும். அதுவும் ஆயிற்று. முந்தாநாள் சுவரைப் பார்த்து, அந்த ஆட்ட வெளிய பத்துங்க, என்றாள். இவரும் எழுந்துபோய் இல்லாத ஆட்டை வெளியே பத்திவிட்டு வந்தார். முக்கியமா தூக்கம், அண்ணாச்சி. நல்லா ஒறங்குதது வேற, மயங்குதது வேற. கூப்பிட்டா கண்ணு முழிக்கணும். மூச்சு ஒரே சீரா இருக்கணும். ஒரு நிமிசத்துக்கு எட்டு மூச்சுக்குக் கொறைஞ்சா எனக்குப் போன் அடிங்க. கண்பாப்பா ஊசிமுனையாச் சுருங்கி, உதடு நீலம் பாஞ்சாலும் அடிங்க. இவ்வளவுதானா? இன்னும் ஒன்று சொன்னாளே. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, திரும்பி, ஆங், அண்ணாச்சி, என்று இழுத்து என்னவோ சொன்னாள். அது என்ன? அதற்கு இவர் சொன்ன பதில் மட்டும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அதெல்லாம் எங்க வீட்டுல கெடையாது சிஸ்டர். அவள்கூடச் சிரித்தாள். எது எங்கள் வீட்டில் கிடையாது? பாட்டிலா? சேச்சே, அதை ஒரு பெண்பிள்ளை கேட்கமாட்டாள். பூனை வளர்ப்பதா? என்னவோ ஒன்று. கிடையாது என்று சொல்லியாகிவிட்டது, அதோடு அந்தக் கதை முடிந்தது, பிறகு எதற்கு அது மீன்முள் மாதிரித் தொண்டையில் நிற்கிறது.

மூச்சை எண்ணிப் பார்ப்போம் என்று சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பிடித்துக்கொண்டார். ஒன்று. அவள் நெஞ்சில் போட்டிருந்த துண்டு மேலே வந்து கீழே போனது. இரண்டு. லேசாகக் குறட்டை. சந்தனமாரிக்குக் குறட்டை கிடையாது, குறட்டை விடுகிறவர் இவர்தான், அதற்காக அவள் அவரை வெளியறையில் படுக்கப் போட்டதும் உண்டு. எந்திரிச்சதும் கேலி செய்ய வேண்டும், ஏளா, நீயும் நம்ம சங்கத்துல சேந்துட்டியா. மூன்றா நான்கா? விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்று. இந்தக் கடிகாரம் ஐஸ் பிளாண்டில் வேலை ஓய்ந்தபோது கொடுத்தது. எத்தனை வருஷம் அந்த அமோனியா நாற்றத்தில். நாற்றம்கூட இல்லை, சத்தம். கம்ப்ரஸர் சத்தம் ஒரு கட்டத்துக்கு மேல் காதில் விழாது, அதுதான் அதில் விசேஷம். அதன் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தால் தூக்கம் கண்ணைச் சுற்றும். சத்தம் நின்றால்தான் தூக்கிவாரிப்போடும். புதிதாக வந்தவர்களுக்கு அது புரியவே புரியாது, சத்தம் கேட்டு முழிக்கிற மனுசனை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், சத்தம் நின்று முழிக்கிற மனுசனைப் பார்த்ததில்லை. இரண்டு. சேச்சே, இரண்டு எப்போதோ போயிற்று. எண்ணச் சொன்னால் எண்ண விடுகிறதா இந்த மனசு, குரங்கு. நன்றாகத்தான் விடுகிறாள் மூச்சு. நான்தான் அரண்டவன். செல்வக்கனியே சொல்லுவாள், எப்பா, நீங்க பக்கத்துல ஒக்காந்து மொறைச்சுப் பாக்கதுலயே அம்மாவுக்கு ஒறக்கம் போயிரும்.

உறக்கம் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதை நினைக்கவே கூடாது என்று எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினார், வெயில் அவள் காலில் விழுந்துகொண்டிருந்தது, சாத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் அதையேதான் நினைத்தார். முதலில் ஒரு முனகல், ம்ம் என்று. பிறகு அம்மா. பிறகு அம்மாவும் இல்லாத ஒரு சத்தம், ஆடு மாடு போடுகிற சத்தம், இந்த வீட்டுக்குள் இருந்துதான் வருகிறதா என்று தெருவில் போகிறவன் நின்று பார்க்கிற சத்தம். அது தொடங்கினால் செல்வக்கனி அம்மாவைப் பிடித்துக்கொள்வாள், இவர் மாடிக்கு ஓடிவிடுவார். ஓடுவார் என்றால் நிஜமாகவே ஓடுவார், வேட்டி தடுக்க, இந்த வயசில். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். பொத்தினாலும் கேட்கும். எந்த ஆம்பளை இதைச் செய்வான்? வெட்கக்கேடு. கடைசிக் காலத்தில் கூட இருப்பேன் என்று அவர் வாயால் சொன்னதில்லை, சொல்லித்தான் ஆக வேண்டுமா, புருஷன் என்றால் அதுதானே. ஆனால் அந்தச் சத்தம் வந்ததும் கால் தானாக மாடிப்படியைத் தேடிப் போகிறது. ஒரு தடவை சத்தம் ஓய்ந்து கீழே இறங்கி வந்தபோது அவள் முழித்துத்தான் இருந்தாள். எங்க போயிட்டு வாரிய, என்று கேட்டாள். தண்ணி மோட்டார் போடப் போனேன், என்றார். அவளுக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஒத்தடம், வேறு எதனால்? தாங்க முடியாதவனுக்குத் தன் கையால் செய்யக் கிடைத்த ஒரே காரியம். அவள் சொகமா இருக்கு என்றதும் மாடிப்படியில் ஓடின ஓட்டத்துக்கெல்லாம் சேர்த்து அவள் மன்னிப்புக் கொடுத்த மாதிரி இருந்தது அவருக்கு. மன்னிப்பா? அவளுக்கு அந்த நினைப்பே இருந்திருக்காது. இருந்தாலும் அவருக்கு அப்படித்தான் இருந்தது. மூச்சு. ஒன்று. துண்டு ஏறியது. இறங்கியது. குறட்டை இழுத்து, எங்கோ முட்டி நின்று, பிறகு விட்டது. இரண்டு. வெக்கையில் கண் எரிந்தது. மூடினால் ஒரு கணம் குளிர்ச்சியாக இருக்கும் போலிருந்தது. குறட்டை கேட்டுக்கொண்டேதானே இருக்கிறது, கண்ணால் பார்த்தால் என்ன, காதால் கேட்டால் என்ன.

தூக்கிவாரிப்போட்டது. என்ன, கம்ப்ரஸர் நின்றுவிட்டதா, யார் சுவிட்சை அணைத்தது, என்று பாதி எழுந்து நாற்காலிக் கையைப் பிடித்தபோதுதான் இது வீடு என்று தெரிந்தது. அறைக்குள் அப்படி ஒரு அமைதி. கடிகாரம் மட்டும் ஓடியது. துண்டு அசையவில்லை. அவர் அதையே பார்த்தார். அசையவில்லை. அவருடைய மூச்சும் சேர்ந்து நின்றது. ஏறு, ஏறு, ஏறு தாயே, என்று துண்டைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றார், அது ஏறியது. மெல்ல ஏறி, ஏனோதானோவென்று இறங்கி, மறுபடி அப்படியே நின்றது. ஏளா, என்றார். ஏளா மாரி. மறுபடி உரக்கக் கூப்பிட்டார், மாரி, தோளைத் தொட்டார், அசைத்தார். தலை அந்தப் பக்கம் சாய்ந்ததே தவிரக் கண் திறக்கவில்லை. அவர் கட்டைவிரலால் இமையை மெல்லத் தூக்கினார். அவள் உயிரோடு இருக்கும்போது, ஐயோ, என்ன சொல்லுகிறேன், இப்போதும் உயிரோடுதான் இருக்கிறாள், இதுவரை எப்போதும் அவர் அவள் கண்ணை இப்படித் திறந்து பார்த்ததில்லை. கறுப்பு எங்கே? பழுப்பின் நடுவில் ஒரு கடுகளவுகூட இல்லை, பேனாவால் தொட்டு வைத்த புள்ளி. அந்தக் கண் அவரைப் பார்க்கவில்லை. உதடு நீலமா? வெளிச்சம் போதவில்லை, ஜன்னலை அவர்தானே சாத்தினார். நீலம் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. முகம் மட்டும் நிம்மதியாக இருந்தது. அதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியது. கல்யாணப் போட்டோவில்கூட அவள் முகம் இவ்வளவு நிம்மதியாக இல்லை.

இப்படியே விட்டால் என்ன? அந்த நினைப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது, யார் பெற்றுப் போட்டது என்று தெரியாமல் வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. இப்படியே போய்விட்டால் சத்தம் இல்லை, மாடி இல்லை, இல்லாத ஆடு இல்லை. பக்கத்து வீட்டுக் கோமதி வந்து, தூக்கத்துலயே போயிட்டா, புண்ணியவதி, என்பாள், யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அவளே எத்தனை தடவை கேட்டாள், என்னய ஒரேயடியா ஒறங்க வச்சிருங்க, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். அது வலி பேசின பேச்சு. இல்லை, அவள்தான் பேசினாள். யார் பேசினது என்று யார் கண்டது? எழுப்பினால் எதற்கு எழுப்புகிறாய், அந்தச் சத்தத்துக்குத்தானே. அவளுக்காகவா எழுப்புகிறாய், தனியாக இருக்கப் பயந்துகொண்டா? எழுப்பாமல் விட்டால் அவளுக்காகவா விடுகிறாய், மாடிப்படி ஏற முடியாமலா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே துரைப்பழம்தான் நின்றுகொண்டிருந்தார், தன் சௌகரியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. துண்டு ஏறியது. அவர் அதற்காகக் காத்திருந்தார் என்பது அது ஏறின பிறகுதான் அவருக்கே தெரிந்தது. உடம்பெல்லாம் அந்த ஒரு மூச்சுக்காகக் காத்திருந்திருக்கிறது. அவ்வளவுதான், வேறு நியாயம் ஒன்றும் அவர் கண்டுபிடிக்கவில்லை. போனை எடுத்தார். இரண்டு தடவை வேறு யாருக்கோ போய், மூன்றாவது தடவை பிரிசில்லா எடுத்தாள்.

"சிஸ்டர், மாரி கண்ணே முழிக்க மாட்டக்கா."

"மூச்சு இருக்கா, அண்ணாச்சி?"

"இருக்கு. விட்டு விட்டு வருது. ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு வருது. கண்பாப்பா புள்ளி மாதிரி இருக்கு."

"எப்பத்துல இருந்து?"

"மத்தியானம் ஒறங்குனா. நல்ல ஒறக்கமுன்னுல்லா நெனச்சேன். இன்னைக்குத்தான் அசந்து ஒறங்குனா, சிஸ்டர்."

"ஸ்டிக்கர் ஒண்ணுதான ஒட்டியிருக்கு? பழைய ஸ்டிக்கர எடுக்காம விட்டுட்டியளா?"

"ஒண்ணுதான். நீங்க ஒட்டுனதுதான்."

"காய்ச்சல் அடிக்கா? ஒடம்பு சுடுதா?"

"காய்ச்சல் இல்ல. முதுகுதான் சூடா இருக்கும். ஒத்தடம் குடுத்தேன்லா."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது, அவள் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள் போல.

"ஸ்டிக்கர் மேலயா, அண்ணாச்சி?"

"அங்கதான வலிக்குங்கா. உப்பு வறுத்து..."

"மொதல்ல சூட்ட எடுங்க. ஸ்டிக்கர உரிங்க. ஒடனே. நான் அன்னைக்கே சொன்னேன்லா, ஹீட்டிங் பேடு, வெந்நீர்ப் பை எதுவும் அங்க வைக்கக் கூடாதுன்னு. சூடு பட்டா மூணு நாள் மருந்து மொத்தமாக் குடுகுடுன்னு உள்ள எறங்கிரும்."

அதெல்லாம் எங்க வீட்டுல கெடையாது சிஸ்டர். முள் இருந்த இடம் தெரிந்தது. ஹீட்டிங் பேடு அவர் பார்த்ததுகூட இல்லை. வெந்நீர்ப் பை என்றால் ஆஸ்பத்திரியில் சிவப்பு ரப்பரில் தொங்குமே, அது. பணக்கார வீட்டுச் சாமான், நம் வீட்டில் ஏது? ஒத்தடத்தை அவர் நினைக்கவே இல்லை. ஒத்தடம் சாமானா? ஒத்தடம் மருந்தா? அது கை. அது மாரி அவருக்குச் செய்தது. அதில் ஒரு கெடுதல் இருக்கும் என்று எந்த வீட்டில் எவனுக்குத் தோன்றும்? பிரிசில்லா காதுக்குள் பேசிக்கொண்டே இருந்தாள், அண்ணாச்சி, கேக்குதா, உரிச்சாலும் உள்ள போன மருந்து வேகம் கொறைய நேரம் ஆகும், டாக்டருக்குச் சொல்லிட்டு ஆம்புலன்ஸோட வாரேன், எங்கிட்ட மாத்து ஊசி இருக்கு, அதுவரைக்கும் அவங்கள ஒறங்க விடாதிய. நிமித்தி ஒக்கார வைங்க. பேச்சுக் குடுங்க. நீங்க எழுப்ப எழுப்பத்தான் மூச்சு விடுவாங்க. வலிச்சாலும் விடாதிய, அந்த வலிதான் இப்ப அவங்களப் பிடிச்சு வைக்கும். அந்த ஊசி போட்டா என்ன ஆகும், என்று கேட்டார் துரைப்பழம். மருந்து முறியும் அண்ணாச்சி, என்றாள் அவள். வலியும் முறியுமா என்று கேட்கவில்லை அவர். கேட்காமலே தெரிந்தது, மருந்து முறிந்தால் வலி மொத்தமாகத் திரும்பி வரும்.

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் முதுகுக்கு அடியில் கையை விட்டார். மூட்டை இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. அதை உருவி மூலையில் எறிந்தார், முடிச்சு அவிழ்ந்து உப்பு தரையெல்லாம் சிதறியது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து ரவிக்கைக் கொக்கியைக் கழற்றித் தூக்கிப் பார்த்தார். ஸ்டிக்கரைச் சுற்றித் தோல் சிவந்து வியர்த்திருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார், வரவில்லை, அவர் மெல்ல மெல்லப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றி வைத்த ஒட்டல்லவா, மறுபடி கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்து உரித்துச் சுருட்டிப் போட்டார். மாரி, ஏளா, எந்திரி. கன்னத்தில் தட்டினார். வாழ்க்கையில் அவளை அடித்ததில்லை, இப்போது அடித்தார், முதலில் பட்டும் படாமலும், பிறகு நிஜமாகவே. துண்டு கீழே விழுந்துவிட்டது, நெஞ்சையே நேராகப் பார்க்க வேண்டியிருந்தது, அறுத்த பக்கத்தின் தழும்பு மெல்ல ஏறியது. அவள் கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். உட்கார வைத்தால் முதுகெலும்பில் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் தூக்கினார். தலையணை இரண்டையும் அண்டக் கொடுத்து, தானே பின்னால் ஏறி உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார். "ஒம் பேரு என்ன, சொல்லு. மாரி, ஒம் மக பேரு என்ன?" ஒன்றும் இல்லை. அவள் தலை கிடந்த கனத்தைப் பார்த்தால் இவர் எங்கேயோ தூரத்து ஊரில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பேர் ஊர் கேட்டால் இவள் எதற்கு வருவாள்? இவளை எது இழுக்கும் என்று இவருக்குத் தெரியாதா? சாமியா, மகளா, எதுவும் இல்லை. ஆத்தூரில் இருக்கிற இவள் அக்கா பிச்சம்மாள். சின்ன வயசில் இருந்தே இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் வாயை அவள் காதோடு வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்:

"ஒங்க அக்கா வைக்க ஊளிமீன் குழம்பு இருக்கே, அதுதான் குழம்பு. ஒனக்கு அந்தக் கைப்பக்குவம் வரவே வராது, கேட்டியா?"

மூச்சு ஒன்று வந்தது. அவர் விடவில்லை. "கருவாட்டுக் குழம்பும் அவதான். நான் அவளக் கட்டியிருந்தா நல்லாத் தின்னுட்டாவது செத்திருப்பேன்." அவளுடைய புருவம் அசைந்தது. நடுவில் அந்தச் சுளிப்பு மெல்ல வந்து உட்கார்ந்தது. "சொல்லுளா, நான் சொல்லுதது நெசமா பொய்யா?" நாக்கு குழறி, வாய்க்குள்ளேயே, பாதிக் காற்றாக வந்தது அவள் குரல்.

"அவளுக்கு... புளி கரைக்கத் தெரியுமாக்கும்."

துரைப்பழத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தெரியாதுளா, அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இன்னும் சொல்லு." அவள் கண்ணைக் கொஞ்சம் திறந்தாள். அறை எது, ஆள் யார் என்று தேடினாள். தோளுக்குப் பின்னால் அவர் இருப்பதை உணர்ந்த மாதிரி இருந்தது. உடனே இமை மறுபடி இறங்கியது, அவர் தோளைப் பிடித்து உலுக்கினார், உலுக்கினதில் முதுகு அசைந்தது. அவர் கைக்குள் அவள் உடம்பு அப்படியே விறைத்தது. ம்ம், என்றாள்.

"இங்கேருங்க," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "நல்லாத்தான இருந்தேன். எதுக்கு எழுப்புனிய?"

அவர் அவளை இன்னும் நிமிர்த்திப் பிடித்தார். அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள், அடுத்த மூச்சோடு அம்மா என்றாள். அதற்கடுத்து அந்தச் சத்தம் வந்தது, பேர் இல்லாத சத்தம், மத்தியானத் தெருவில் எதிர் வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்கு. அவருடைய கால் கட்டிலில் இருந்து கீழே இறங்கப் பார்த்தது. அவர் அதை மடக்கிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் அவள் நெஞ்சு நிறையக் காற்றை இழுப்பது அவர் கையில் தெரிந்தது, நல்ல மூச்சு, முழு மூச்சு. சத்தம் ஓய்ந்தது. ஓய்ந்து, நீண்டு, இன்னும் நீண்டது. தலை தோளில் கனத்தது. அவர் தன் நெற்றியை அவள் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, புண் இருக்கிற இடம் என்று தெரிந்தே அவள் முதுகைத் தன் கையால் அமுக்கினார்.

"கத்து, மாரி," என்றார். "இன்னும் கொஞ்சம் கத்து."